காவல்காரன் கூலி

2001ஆம் வருடம் ஜனவரி 17ஆம் தேதி, புதன்கிழமை. மதியச் சாப்பாட்டு வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. வட கலிஃபோர்னியாவில் கரண்ட் போனது.

போனால் என்ன? நம்மூரில் போகாத கரண்டா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால், போன இடத்தைப் பாருங்கள். சிலிக்கன் பள்ளத்தாக்கு இருக்கிற பிரதேசம். உலகத்துக்கே கம்ப்யூட்டர் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் டிராஃபிக் சிக்னல் எரியவில்லை. ஏ.டி.எம். பணம் தரவில்லை. ஒரு பேட்டைக்கு ஒரு மணிநேரம், பிறகு அடுத்த பேட்டைக்கு ஒரு மணிநேரம் என்று முறை வைத்து நிறுத்தினார்கள். ஐந்து லட்சம் வாடிக்கையாளர்கள் வரை பாதிக்கப்பட்டார்கள்.

இன்னொரு விசித்திரம். அது குளிர்காலம். யாரும் ஏ.சி. போடவில்லை. கோடையில் 40,000 மெகாவாட்டுக்கு மேல் தாங்கிய மாநிலம் அது. ஜனவரியில் தேவை சுமார் 30,000 மெகாவாட்தான். பத்தாயிரம் குறைவு. அப்புறம் எப்படி இருட்டு?

காரணம் பலது. ஆனால் கதையின் நடுவில் ஓர் ஆசாமி இருக்கிறார். பெரும்பாலும் யாரும் அவரைக் கவனிப்பதில்லை. முதலில் அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

ஒரு கல்யாண மண்டபம். வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஜெனரேட்டர் நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். முகூர்த்தம் முடிகிற வரைக்கும் கரண்ட் போகவே இல்லை. ஜெனரேட்டர் ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. சாயங்காலம் அவர் வந்து கூலி கேட்கிறார். கொடுப்பீர்களா, மாட்டீர்களா?

கொடுத்துத்தான் ஆகவேண்டும். அவர் விற்றது கரண்டை அல்ல. 'நான் இருக்கிறேன், நீங்கள் தாலி கட்டுங்கள்' என்கிற தைரியத்தை.

மின்சாரத்தில் இந்த ஆளுக்குப் பெயர் ரிசர்வ். கையிருப்பு. அரிசியையோ பருப்பையோ போல மின்சாரத்தை மூட்டை கட்டி அடுக்க முடியாது. அன்றைக்குக் கலிஃபோர்னியாவில் பேட்டரியில் சேர்த்து வைக்கிற வசதியும் பெரிதாக இல்லை. எவ்வளவு செலவாகிறதோ, அதே நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை துடிக்கிறது. தேவைக்கு உற்பத்தி குறைந்தால் அந்தத் துடிப்பும் குறையும். ரொம்பக் குறைந்தால் ஒவ்வொரு மின்நிலையமாகத் தானே கழன்றுகொள்ளும். மாநிலமே இருண்டுவிடும்.

அதனால் நாலு வகைக் காவல்காரர்களை நிறுத்தி வைப்பார்கள். நொடிக்கு நொடி கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பவர் ஒருத்தர். எஞ்சினை ஓட்டியபடி 'கூப்பிட்டால் உடனே வருகிறேன்' என்று நிற்பவர் இன்னொருத்தர். பத்து நிமிஷத்தில் வருகிறவர் மூன்றாமவர். ஒரு மணிநேரத்தில் வந்து சேருகிறவர் நாலாமவர். இவர்களுக்குக் கொடுக்கிற கூலிதான் கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கிற செலவு. உங்கள் பில்லில் ஒளிந்திருக்கும். தனியாகக் கண்ணில் படாது.

கலிஃபோர்னியாவின் அன்றைய விதிப்படி, இந்தக் கையிருப்பு 7 சதவிகிதத்துக்குக் கீழே போனால் முதல் எச்சரிக்கை. 5 சதவிகிதத்துக்குக் கீழே என்றால் இரண்டாவது. ஒன்றரை சதவிகிதம் என்றால் மூன்றாவது. அதற்குமேல் எச்சரிக்கை கிடையாது. ஃப்யூஸைப் பிடுங்க வேண்டியதுதான்.

ஆக, அந்தப் புதன்கிழமை மாநிலத்தில் மின்சாரம் சுத்தமாகத் தீர்ந்துபோகவில்லை. காவல்காரர்கள் தீர்ந்துபோனார்கள். மிச்சமிருந்த வீட்டைக் காப்பாற்ற, நாலு அறையின் விளக்கை அணைத்தார்கள்.

எங்கே போனார்கள் அவர்கள்? அதற்கு ஐந்து வருடம் பின்னால் போகவேண்டும்.

1990களின் நடுவில் கலிஃபோர்னியாவில் கரண்ட் விலை அமெரிக்க சராசரியைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. ஆலைக்காரர்கள் அலறினார்கள். 'சந்தையைத் திறந்துவிடு, போட்டி வரட்டும், விலை தானாக இறங்கும்' என்றார்கள். 1996இல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் ஒரே வரிசையில் கை தூக்கினார்கள். அப்படி நடந்தால் கொஞ்சம் பயப்படவேண்டும் என்பது என் அனுபவம். செப்டம்பரில் கவர்னர் பீட் வில்சன் கையெழுத்துப் போட்டார்.

சட்டம் என்ன சொன்னது?

மூன்று பெரிய கம்பெனிகள் அங்கே வீட்டுக்கு வீடு கரண்ட் கொடுத்துவந்தன. பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக், சதர்ன் கலிஃபோர்னியா எடிசன், சான் டியாகோ கேஸ் அண்ட் எலெக்ட்ரிக். இவர்கள் தங்கள் எரிவாயு மின்நிலையங்களில் பெரும்பகுதியை விற்றார்கள். டியூக், டைனஜி, ரிலையன்ட் என்று வெளிமாநிலக் கம்பெனிகள் வாங்கிக்கொண்டன. இனிமேல் மூவரும் 'பவர் எக்ஸ்சேஞ்ச்' என்கிற புது மொத்தச் சந்தையில்தான் அன்றாடம் கொள்முதல் செய்யவேண்டும். வருடக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு விலையைக் கட்டிப்போட வழி அநேகமாக அடைபட்டது. காவல்காரர்களை வாடகைக்குப் பிடிக்கிற வேலை தனியாக இன்னோர் அமைப்புக்கு. அதன் பெயர் இண்டிபெண்டன்ட் சிஸ்டம் ஆபரேட்டர்.

சில்லறை விலை? அதைப் பத்து சதவிகிதம் குறைத்து ஆணியடித்துவிட்டார்கள். ஜனங்கள் சந்தோஷப்பட வேண்டாமா?

பி.காம். முதல் வருடம் படித்த எவனும் இந்த இடத்தில் கையைத் தூக்கியிருப்பான். 'சார், வாங்குகிற விலை ஆடும். விற்கிற விலை ஆடாது. வாங்கற விலை மேலே போச்சுன்னா?' போகாது என்று எல்லாரும் நம்பினார்கள். கேள்வி அதோடு முடிந்தது.

1998 வசந்தத்தில் சந்தை திறந்தது. மூன்றே மாதம். ஜூலையில் முதல் ஓட்டை தெரிந்தது. அது தெரிந்த இடம் கரண்ட் சந்தை இல்லை. காவல்காரர் சந்தை.

நாலு வகைக் காவலையும் ஒவ்வொன்றாக, தனித்தனியாக ஏலம் விட்டார்கள். ஒவ்வொன்றிலும் இத்தனை மெகாவாட் வேண்டும் என்பது கட்டாயம். ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே, மற்றதற்குப் பதிலாக அதை வாங்கிக்கொள்ளலாமே என்றால், கூடாது. விதி அப்படி. அதாவது, சூடான காப்பி மலிவு, ஆறிப்போன காப்பி யானை விலை என்றாலும் ஆறின காப்பியை வாங்கியே தீரவேண்டும்.

விற்கிறவர்களுக்கு இது புரிய எத்தனை நாளாகும்?

ஒரு மணிநேரம் கழித்து வந்து சேருகிற நாலாம் வகைக் காவல்காரர், அதாவது எல்லாரிலும் மட்டமானவர், சில டாலர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தார். ஜூலை 9ஆம் தேதி ஒரு மெகாவாட்டுக்கு 5,000 டாலர் என்றார். கொடுத்தார்கள். ஜூலை 13ஆம் தேதி 9,999 டாலர் என்றார். அதையும் கொடுத்தார்கள். அதென்ன 9,999? ஏலக் கம்ப்யூட்டரில் ஐந்தாவது இலக்கம் போட முடியாது என்று அந்தப் புண்ணியவான் நினைத்துவிட்டாராம். அப்படி ஒரு பேச்சு உண்டு.

அலறியடித்து 500 டாலர் என்று உச்சவரம்பு போட்டார்கள். அப்புறம் 250 ஆக்கினார்கள். ஓட்டையை அட்டை வைத்து மூடியாயிற்று. ஆனால், உள்ளே வர வழி இருக்கிறது என்பது தெரியவேண்டியவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

என்ரான் என்ற பெயர் ஞாபகமிருக்கிறதா? மகாராஷ்டிராவில் தாபோல் மின் திட்டத்தைக் கொண்டுவந்து நம்மையெல்லாம் வருடக்கணக்கில் விவாதம் செய்யவைத்த அதே அமெரிக்கக் கம்பெனி. கலிஃபோர்னியாவுக்கு வடக்கே, ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் அவர்களுக்கு ஒரு வர்த்தக அறை இருந்தது. தலைமை, டிமோதி பெல்டன்.

1999 மே 24ஆம் தேதி என்ரான் ஒரு சோதனை செய்து பார்த்தது. சில்வர் பீக் என்று ஒரு மின்பாதை. 15 மெகாவாட் மட்டுமே தாங்கும். அதன் வழியாக 2,900 மெகாவாட் அனுப்பப் போவதாக ஏலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மாட்டுவண்டித் தடத்தில் 190 லாரி ஒரே சமயத்தில் வருகிறது என்று சொல்வது மாதிரி. கம்ப்யூட்டர் நம்பியது. கடைசியில் அந்த மின்சாரம் வராது என்று தெரிந்ததும், அவசர அவசரமாக வேறிடத்தில் வாங்கினார்கள். விலை சுமார் 70 சதவிகிதம் எகிறியது.

விசாரணை நடந்தது. என்ரான் கட்டிய தொகை 25,000 டாலர். தப்பு செய்தால் என்ன விலை என்று கடைக்காரரே எழுதி மாட்டின மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் 2000ஆம் வருடம். எல்லாம் சேர்ந்து வந்தது.

வடமேற்கில் மழை குறைந்தது. அணைகளிலிருந்து வருகிற மலிவு மின்சாரம் குறைந்தது. எரிவாயு விலை ஏறியது. புகை விடும் உரிமைச் சீட்டின் விலையும் ஏறியது. பொருளாதாரம் கொழித்ததால் தேவையும் ஏறியது. புது மின்நிலையங்களோ போதுமான அளவு வரவில்லை. இத்தனையும் நிஜம். சதி என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட முடியாது.

ஆனால் பற்றாக்குறைச் சந்தை எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தக்காளி ஐந்து சதவிகிதம் குறைவாக வந்தால் விலை கொஞ்சம் ஏறும். நாம் புளியை வைத்துச் சமாளிப்போம். மின்சாரத்துக்குப் புளி கிடையாது. அதோடு, கலிஃபோர்னியாக்காரர்களில் பெரும்பாலோருக்கு வீட்டு விலை ஆணியடித்தது ஆயிற்றே! மொத்தச் சந்தையில் தீப்பற்றி எரிவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. விளக்கை ஏன் அணைக்கப் போகிறார்கள்? ஆக, தேவை அசையாது. கடைசி மூட்டையை வைத்திருப்பவர் சொன்னதுதான் விலை. அந்த விலைதான் எல்லா மூட்டைக்கும்.

1999 டிசம்பரில் பவர் எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் யூனிட்டுக்குச் சராசரி விலை சுமார் 30 டாலர். 2000 டிசம்பரில் சுமார் 377 டாலர்.

யூனிட்டுக்கு மூன்று சென்ட்டாக இருந்தது 38 சென்ட் ஆனது. கம்பெனிகள் வாடிக்கையாளரிடம் கரண்டுக்கென்று வசூலிக்க முடிந்ததோ ஐந்தாறு சென்ட். விற்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் முப்பது சென்ட்டுக்கு மேல் நஷ்டம். எவ்வளவு வியாபாரமோ அவ்வளவு நஷ்டம்!

சான் டியாகோவில் மட்டும் கதை வேறு. அங்கே அந்த ஆணியை 1999லேயே பிடுங்கியாகிவிட்டது. சந்தை விலை நேராக வீட்டுக்கு வந்தது. 2000 கோடையில் பில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பரில் அங்கேயும் உச்சவரம்பு போட்டார்கள்.

இந்தக் குழப்பத்தில் காவல்காரர் கூலி என்ன ஆனது? மொத்தச் சந்தையில் மின்சாரத்துக்கு ஆன செலவு 1999இல் சுமார் 740 கோடி டாலர். 2000இல் சுமார் 2,700 கோடி. மூன்றரை மடங்கு. அதே சமயம் காவலுக்கான கூலி சுமார் 40 கோடியிலிருந்து சுமார் 170 கோடிக்குப் போனது. நாலு மடங்குக்கும் மேல். பொருளைவிடக் காவல் வேகமாக ஏறியது.

ஏன்? மின்நிலையம் வைத்திருக்கிறவனுக்குக் கரண்டாக விற்றாலே கொள்ளை லாபம் என்கிறபோது, சும்மா நிற்பதற்கு அதைவிட அதிகம் கேட்பான். நியாயமான கணக்கு. அநியாயமான கணக்கும் இருந்தது. அதைத்தான் என்ரான் போட்டது.

அவர்கள் தங்கள் தந்திரங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஃபேட் பாய், டெத் ஸ்டார், ரிக்கோஷே, கெட் ஷார்ட்டி. பையன்கள் நிறைய சினிமா பார்ப்பார்கள் போல.

கெட் ஷார்ட்டி என்பது காவல்காரர் வேலையில் செய்த மோசடி. 'நாளைக்கு இத்தனை மெகாவாட் கையிருப்பு தருகிறேன்' என்று முந்தின நாளே விற்றுவிடுவார்கள். கையில் ஒன்றும் இருக்காது. மறுநாள், ஒரு மணிநேரம் முன்னால், விலை இறங்கியதும் வாங்கிக் கணக்கை நேர் செய்வார்கள். நடுவில் நிற்பது லாபம். வேப்பமரத்தடியில் ஜெனரேட்டரே இல்லை. துண்டு மட்டும் விரித்திருக்கிறது. அதற்கு வாடகை!

டெத் ஸ்டார் இன்னும் அழகு. மின்பாதையில் நெரிசல் வந்தால், எதிர்த்திசையில் கரண்ட் அனுப்பி நெரிசலைக் குறைக்கிறவருக்கு சிஸ்டம் ஆபரேட்டர் பணம் தரும். என்ரான் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டது. உள்ளே ஒரு வழியில் அனுப்புவதாகக் கணக்கு. மாநிலத்துக்கு வெளியே சுற்றித் திரும்பப் புறப்பட்ட இடத்துக்கே வருவதாகவும் கணக்கு. ஒரு யூனிட் கூடுதலாக வரவில்லை. நெரிசல் துளியும் குறையவில்லை. பணம் மட்டும் வந்தது. 2000 டிசம்பரில் என்ரானின் வக்கீல்களே இதையெல்லாம் விளக்கிக் குறிப்பு எழுதினார்கள். 2002 மே மாதம் அந்தக் குறிப்பு வெளியே வந்தபோது உலகமே வாய் பிளந்தது.

இப்போது மறுபடி அந்தப் புதன்கிழமைக்கு வருவோம்.

முந்தின நாள், ஜனவரி 16. என்ரான் வர்த்தகர் ஒருவர் லாஸ் வேகாஸில் இருந்த ஒரு மின்நிலையத்துக்குப் போன் செய்தார். ஏதாவது காரணம் கண்டுபிடித்து நிலையத்தை நிறுத்தச் சொன்னார். எதிர்முனை சம்மதித்தது. சின்ன நிலையம்தான். 52 மெகாவாட். மறுநாள் அது நின்றது. அதே நாள் வட கலிஃபோர்னியா இருண்டது.

அந்த 52 மெகாவாட்டால்தான் இருட்டு வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் 10,000 மெகாவாட் அளவுக்கு நிலையங்கள் நின்றுகிடந்தன. பலது நிஜமாகவே ரிப்பேர். கோடை முழுக்கத் தாறுமாறாக ஓடி நொந்துபோனவை. 'கரண்ட் கொடுத்தால் இந்தக் கம்பெனிகள் பணம் தருமா?' என்று பயந்து நின்றவர்களும் உண்டு. ஆனால் ரிப்பேர் எது, பயம் எது, திருட்டு எது என்று அன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையிருப்பு ஒன்றரை சதவிகிதம் இருக்கிற இடத்தில் 52 மெகாவாட்டும் ஒரு காவல்காரன்தான்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? என்ரான் தன் வர்த்தகர்களின் போன் பேச்சை டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோஹோமிஷ் என்கிற கவுன்ட்டியின் சின்ன மின்வாரியம் ஒன்று கோர்ட்டுக்குப் போய்ப் போராடி வெளியே எடுத்தது. ஏழைப் பாட்டிகளிடமிருந்து பறித்த பணத்தைப் பற்றி இரண்டு வர்த்தகர்கள் சிரித்துப் பேசிய பேச்சும் அதில் இருந்தது. அந்தப் பாட்டிக்கு மில்லி என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஜனவரி முடிவதற்குள் பவர் எக்ஸ்சேஞ்ச் வியாபாரத்தை நிறுத்தியது. ஏப்ரல் 6ஆம் தேதி பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. கவர்னர் கிரே டேவிஸ், அரசாங்கப் பணத்தில் மின்சாரம் வாங்க ஆரம்பித்தார். விலை உச்சத்தில் இருந்தபோது, இனியும் ஏறுமோ என்ற பயத்தில், 4,000 கோடி டாலருக்கு மேல் நீண்டகால ஒப்பந்தங்கள் போட்டார். ஏற்கெனவே போட்டிருக்க வேண்டிய ஒப்பந்தம். போடக்கூடாத நேரத்தில் போட்டார்.

ஜூன் மாதம் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் மேற்கு மாநிலங்கள் முழுமைக்கும் விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜனங்களும் தங்கள் பங்குக்கு விளக்கை அணைத்தார்கள். சில்லறை விலை உயர்ந்திருந்தது. 20 சதவிகிதம் மிச்சம் பிடித்தால் பில்லில் 20 சதவிகிதம் தள்ளுபடி என்றும் அறிவித்திருந்தார்கள். அந்தக் கோடையில் உச்சத் தேவை சுமார் 10 சதவிகிதம் இறங்கியது. 'இன்னும் பல நாள் இருட்டு' என்று எல்லாரும் பயந்த கோடை, இருட்டில்லாமல் போனது.

பாடம் கவனித்தீர்களா? வாங்குகிறவனுக்கு விலை தெரிந்தால் அவனும் ஒரு காவல்காரன் ஆகிவிடுகிறான். அவன் அணைக்கிற ஒரு விளக்கும் கையிருப்புதான்.

டிசம்பரில் என்ரான் திவாலானது. 2002இல் பெல்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2003 அக்டோபரில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு டேவிஸைப் பதவியிலிருந்து இறக்கி, ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரை உட்காரவைத்தார்கள்.

சரி, திருந்தினார்களா? கலிஃபோர்னியா தன் ஏலத்தை மாற்றி எழுதியது. 2009 முதல் கரண்டையும் காவலையும் ஒரே கணக்கில், சேர்த்து வாங்குகிறார்கள். 2024இல் அங்கே பேட்டரித் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. கண் இமைப்பதற்குள் ஓடிவருகிற காவல்காரர்கள் அவர்கள்.

ஆனால் டெக்ஸாஸ் படிக்கவில்லை. 2021 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்தது. எரிவாயுக் குழாயும் உறைந்தது, மின்நிலையமும் உறைந்தது. கரண்டுக்கு உச்சவரம்பு 9,000 டாலர். நாள்கணக்கில் விலை அங்கேயே நின்றது. காவல்காரர் கூலியோ 20,000 டாலரையும் தாண்டியது. பொருளைவிடக் காவலுக்கு இரண்டு மடங்கு விலை. அத்தனை கொடுத்தும் காவல் போதவில்லை. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்துபோனார்கள்.

காவல் சும்மா கிடைக்கும் என்று நினைத்தாலும் ஆபத்து. என்ன கேட்டாலும் கொடுத்துவிட்டு, ஜெனரேட்டர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் இருந்தாலும் ஆபத்து. எந்த ஊர் மின்சந்தையைப் பற்றிப் படித்தாலும் யூனிட் என்ன விலை என்பதோடு நிறுத்தாதீர்கள். வேப்பமரத்தடியில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு யார் கூலி தருகிறார்கள் என்றும் ஒரு வரி தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. டேவிஸ் அரசு வாங்கிய மின்சாரத்துக்காக 2002இல் கலிஃபோர்னியா 1,100 கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரம் வெளியிட்டது. அந்தக் கடனை யூனிட்டுக்கு இவ்வளவு என்று கரண்ட் பில்லில் சேர்த்து வசூலித்தார்கள். அது அடைந்து முடிந்த வருடம் 2020. அந்தப் புதன்கிழமை இருட்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 19 வயது. தனியாக வீடு எடுத்திருந்தால், தான் பிறந்த அன்றைக்கு வராத மின்சாரத்துக்கு அதுவும் கொஞ்சம் பணம் கட்டியிருக்கும்.